காசு கொடுத்து வாங்கும் பல்

தனிநபர் கடன் விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. திருமணம், கல்விக் கட்டணம், வீட்டுப் பழுது, மருத்துவம் என அதில் எழுதப்படுவனவற்றை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறோம். அண்மைக் காலமாக, மருத்துவம் என்று எழுதுவோரிடம் என்ன சிகிச்சை என்று கேட்டால், பல் என்று பதில் வருவது கூடியிருக்கிறது. மேலும் விசாரித்தால் பெரும்பாலும் இம்ப்ளான்ட். ஓய்வூதியர் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்க வருகிறார். காரணம் கேட்டால் அதுவே. இரு சக்கர வாகன விபத்தில் முன்பல் போன இளைஞர் நகைக்கடன் கேட்கிறார், அதுவும் அதற்கே.

இம்ப்ளான்ட் நல்ல சிகிச்சை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அது விற்கப்படும் முறையிலும், அதற்குப் பணம் செலுத்தப்படும் முறையிலும்தான் எங்களுக்குக் குறை உண்டு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்குகிற மாட்டுக்கு அந்த விதி இல்லை. காசு கொடுத்து வாங்குகிற பல்லுக்கும் இல்லை. நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் எப்போது, எதற்கு, எவ்வளவு பணம் கைமாற வேண்டும் என்பதைச் சொல்லலாம். அது எங்கள் தொழில்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். இம்ப்ளான்ட் என்பது மூன்று பாகங்கள் கொண்டது. தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு ஒன்று. அதன் தலையில் பொருத்தப்படும் சிறு தூண் ஒன்று. அத்தூணின் மீது வைக்கப்படும் பல் உருவிலான உறை ஒன்று. அந்த உறையைத்தான் பேச்சுவழக்கில் ‘கேப்’ என்கிறோம். திருகு வேரின் வேலையைச் செய்கிறது; உறை பல்லின் வேலையைச் செய்கிறது.

இதன் பிறப்பு ஒரு தற்செயல். 1950களில் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் மருத்துவ ஆய்வாளர், எலும்புக்குள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிய முயல்களின் காலெலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்தது. 1965இல் கோத்தன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறையுடன் இருந்த ஒருவருக்கு முதன்முதலாக டைட்டானியத் திருகுகளைப் பதித்துப் பல் கட்டினார். அந்த மனிதர் 2006இல் மறையும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேல் அவை உழைத்தன. ஆயினும் 1982இல் கனடாவின் டொரன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் பல் மருத்துவ உலகம் இம்முறையைப் பரவலாக ஏற்றது. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்து நிலைபெற்ற ஒரு சிகிச்சையை, ‘இன்றே கட்டிக்கொள்ளுங்கள், சலுகை ஞாயிற்றுக்கிழமை வரை மட்டுமே’ என்று விளம்பரப்படுத்துவதைக் காணும்போது சற்றே முகம் சுளிக்கத்தான் தோன்றுகிறது.

பல் விழுந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. வெளியே தெரியாத கடைவாய்ப் பல் என்றால் பலரும் விட்டே விடுகிறார்கள். அதன் விளைவு மெதுவாக வரும். பக்கத்துப் பற்கள் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிர்த் தாடைப் பல், தடுப்பதற்கு ஆள் இல்லாமையால் நீண்டு இறங்கும். வேர் இல்லாத இடத்தில் எலும்பு கரையும். சில ஆண்டுகள் கழித்து இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று போனால், திருகைப் பிடித்துக்கொள்ளப் போதிய எலும்பு இல்லை என்பார்கள். எலும்பு ஒட்டுச் சிகிச்சை என்று ஒரு செலவு கூடும். மென்று தின்பது குறையும்போது, நிலக்கடலை, சுண்டல், கொய்யா, கீரைத்தண்டு ஆகியவை தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகி, குழைந்த சோறும் ரொட்டியும் மட்டுமே மிஞ்சும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற முன்னோர், பல் இருப்பதாக எண்ணியே அப்படிச் சொன்னார்கள்.

ஆனால் காலி இடத்தை நிரப்ப இம்ப்ளான்ட் ஒன்றே வழி என்பதும் உண்மையன்று. கழற்றி மாட்டும் பல் செட் உண்டு. அதற்குச் செலவு மிகக் குறைவு; பழகச் சில வாரம் பிடிக்கும். பக்கத்துப் பற்கள் இரண்டையும் இழைத்து, அவற்றைத் தூணாக்கி நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடும் பிரிட்ஜ் முறை உண்டு. அந்த இரு பற்களும் ஏற்கெனவே ரூட் கேனால் செய்து உறை போட வேண்டியவையாக இருந்தால், பிரிட்ஜ் பொருத்தமான தீர்வாகவே அமையும். அவை நலமான பற்கள் என்றால், நல்ல பல்லை இழைப்பது சுவரை இடித்து அலமாரி செய்வதற்கு ஒப்பாகும்; அங்கே இம்ப்ளான்ட் மேலானது. இவை மூன்றையும் சொல்லி, ஒவ்வொன்றின் விலையையும் ஆயுளையும் சொல்லி, முடிவை நோயாளியிடம் விடும் மருத்துவரே நம்பத் தகுந்தவர். ஒன்றை மட்டும் சொல்பவர் விற்பனையாளர்.

இனிப் பணத்துக்கு வருவோம்.

வீடு கட்டுவதற்குக் கடன் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு இது தெரியும். வங்கி முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. அடித்தளம் முடிந்ததும் ஒரு பங்கு. லிண்டல் மட்டம் எட்டியதும் ஒரு பங்கு. கூரை கான்கிரீட் போட்டதும் ஒரு பங்கு. பூச்சும் தரையும் முடியும்போது மீதி. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தருவார். வாடிக்கையாளரைச் சந்தேகித்து இவ்வாறு செய்வதில்லை. ஒப்பந்தக்காரர் பாதியில் போய்விட்டால் வாடிக்கையாளரும் வங்கியும் சேர்ந்து நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எத்தனையோ குடும்பங்களை இது காப்பாற்றியிருக்கிறது.

இம்ப்ளான்ட்டும் ஒரு கட்டுமானமே. முதலில் பரிசோதனையும் முப்பரிமாண ஸ்கேனும். பிறகு திருகு பதிக்கும் அறுவைச் சிகிச்சை. அதன் பின்னர் எலும்பு திருகோடு ஒன்றுவதற்குக் காத்திருக்க வேண்டும். வழக்கமான முறையில் இது 3 முதல் 6 மாதம் வரை. மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் அங்கே காத்திருப்பு நீளும். ஒன்றிவிட்டதை உறுதி செய்த பின் தூண், அளவெடுப்பு, இறுதியாக உறை. எலும்பு உறுதியாக உள்ள சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் பொருத்துவது உண்டு. ஆனால் அதுவும் நிரந்தர உறைக்குப் பல மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். அடித்தளம், தூண், கூரை என்று இவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கும் வேலைக்கு, முதல் நாளே முழுத் தொகையையும் கொடுத்துவிடுவது ஏன்?

ஏனெனில் கடன் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலேயே, கைப்பேசிச் செயலி வழியே, பத்து நிமிடத்தில் கடன் ஒப்புதலாகிறது. தொகை நேரே மருத்துவமனையின் கணக்குக்குப் போகிறது. அந்த நொடியிலிருந்து, நோயாளியின் கையில் பேரம் பேச எதுவும் இல்லை. தவணை அடுத்த மாதம் தொடங்கும். பல் ஆறாவது மாதம் வரும்.

எங்கள் கிளை ஒன்றில் கணக்கு வைத்திருக்கும் தையற்கடை நடத்தும் அம்மையார் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று பற்களுக்கு 1,20,000 ரூபாய், இவ்வாறே ஒரு செயலிக் கடனில். திருகுகள் பதிக்கப்பட்டன. ஐந்தாம் மாதம் அவர் போனபோது மருத்துவமனையின் ஷட்டர் இறங்கியிருந்தது. இடத்தை வாடகைக்கு விடும் அறிவிப்பு தொங்கியது. கடன் கொடுத்த நிறுவனமோ, சிகிச்சை முடிந்ததா இல்லையா என்பது தனக்குச் சம்பந்தமில்லை என்றது. சட்டப்படி அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அதையே சொன்னது. தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழும். அது விழுந்தால் அவருடைய கடைக்கு நாங்கள் தர வேண்டிய முத்ரா கடனும் சிக்கலாகும். ஆகவே, இல்லாத பற்களுக்குத் தவணை கட்டிக்கொண்டே வேறொரு மருத்துவரிடம் போனார்.

அங்கே இன்னொரு இடர். இம்ப்ளான்ட் திருகுகள் கொரியா, இஸ்ரேல், சுவிட்சர்லாந்து, சுவீடன், இந்தியா எனப் பல நாட்டு நிறுவனங்களின் தயாரிப்புகள். ஒரு நிறுவனத்தின் திருகில் மற்றொரு நிறுவனத்தின் தூண் பொதுவாகப் பொருந்தாது. உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்று அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. புதிய மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வைத்து வடிவத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு திருகும் வரும் உறையில் நிறுவனத்தின் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் ஒன்றை உரித்து நோயாளியின் அட்டையில் ஒட்டித் தருவது ஒரு நிமிட வேலை. வாகனத்துக்கு ஆர்.சி. புத்தகம் கேட்காமல் ஒருவரும் பணம் கொடுப்பதில்லை. வாய்க்குள் ஆயுள் முழுவதும் தங்கப் போகும் பொருளுக்கு மட்டும் அந்தச் சீட்டைக் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

ஆகவே வாடிக்கையாளருக்கு எங்கள் பரிந்துரை இது: கட்டங்கட்டமாகப் பணம் செலுத்த ஒப்பும் மருத்துவரைத் தேடுங்கள். திருகு பதிக்கும் நாளில் ஒரு பங்கு, எலும்பு ஒன்றியதாகப் படமெடுத்துக் காட்டிய பின் ஒரு பங்கு, உறை பொருத்திய பின் மீதி. மொத்தத் தொகையில் ஸ்கேன், எலும்பு ஒட்டு, தற்காலிகப் பல், உறை ஆகிய ஒவ்வொன்றும் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். ‘ஒரு பல் இவ்வளவு’ என்று பெரிய எழுத்தில் தெரியும் விலை, பல இடங்களில் திருகுக்கு மட்டுமானது. உறைக்குத் தனி விலை என்பது பிறகே தெரியவரும். நகரங்களில் இன்று ஒரு பல்லுக்கு உறையோடு சேர்த்து ஏறத்தாழ 25,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேலும் சொல்கிறார்கள். இந்த இடைவெளி பெரும்பாலும் நிறுவனத்தின் பெயராலும் உறையின் பொருளாலும் வருவது. திருகு ஒன்றாமல் கழன்றால் என்ன செய்வார்கள் என்பதையும் அதே காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டங்கட்டமாகச் செலுத்துவதில் இன்னொரு நன்மை, பலருக்குக் கடனே தேவைப்படாது. காத்திருக்கும் ஆறு மாதத்தில் மாதம் 4,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டு வந்தால் உறைக்கான பணம் சேர்ந்துவிடும். அவசரச் சிகிச்சைகள் நேரம் கேட்டு வருவதில்லை. இம்ப்ளான்ட்டோ நமக்கு நேரம் தருகிற சிகிச்சை. அந்த நேரத்தைக் கடன் வாங்கி வீணாக்க வேண்டாம். கடன் கொடுத்து வட்டி ஈட்டும் வங்கியில் இருந்துகொண்டு இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அடைபடும் கடனே வங்கிக்கு இலாபம் என்பதை அறிந்தவர்களுக்கு வியப்பு இராது.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். 60,000 ரூபாய்ச் சிகிச்சை. மாதம் 5,000 வீதம் 12 தவணை. வட்டி பூச்சியம் என்கிறார்கள். அதே மேசையில், ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 54,000 என்று பதில் வந்தால், நீங்கள் வாங்கும் கடன் 54,000. திருப்பிக் கட்டுவது 60,000. வணிகவியல் படித்த எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்: மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் இது ஆண்டுக்கு 6,000 ரூபாய் வட்டி, அதாவது 11 விழுக்காடு, என்று ஆகாது; ஏறத்தாழ 20 விழுக்காடு ஆகும். செயலாக்கக் கட்டணம் சேர்ந்தால் இன்னும் கூடும். பூச்சிய விழுக்காட்டு வட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இன்று சில்லறைக் கடன் எதுவாயினும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளில் அந்த ஒரு எண்ணைத் தேடுங்கள். பிறகு உங்கள் வங்கிக் கிளையில் தனிநபர் கடனுக்கும் வைப்பின் மீதான கடனுக்கும் என்ன விகிதம் என்று கேளுங்கள். எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்களிடம் இல்லையென்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை.

இவ்வளவு பணம் ஆகிறதே, காப்பீடு தராதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் தருவதில்லை. விபத்துக் காயத்தாலோ நோயாலோ மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்து, அதன் பகுதியாகப் பல் சிகிச்சை நேர்ந்தால் சில திட்டங்கள் ஏற்கும். நாற்காலியில் சாய்ந்து, அன்றே வீடு திரும்பும் பல் சிகிச்சை பொதுவாக வெளியே நிறுத்தப்படும். அழகுக்காகச் செய்வது என்ற முத்திரையும் சில வேளை சேர்ந்துகொள்ளும்.

காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்பாராமல் வரும் பெருஞ்செலவைப் பலர் பகிர்வதே காப்பீடு. பல்லோ பல ஆண்டுகள் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் விழுகிறது. விழப்போகிறது என்று தெரிந்தவர் மட்டும் காப்பீடு எடுத்தால் திட்டம் ஓடாது.

இருந்தும் பல்லை உடம்பிலிருந்து பிரித்து நிறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கொடுங்காயம் எது என்று வரையறுத்தபோது, எலும்பு முறிவோடு பல் முறிவையும் ஒரே வரியில் வைத்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த வரியை அப்படியே வைத்திருக்கிறது. ஒருவர் உங்கள் கையை முறித்தாலும் பல்லை முறித்தாலும் சட்டத்தின் கண்ணில் குற்றம் ஒரே தரம். கையைக் கட்டக் காப்பீடு வரும். பல்லைக் கட்ட வராது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தது, இன்றைய காப்பீட்டு விதிமுறைகளை எழுதுவோருக்குத் தெரியாமற் போவானேன்?

இம்ப்ளான்ட்டை நாளையே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்கு முந்திய படிகளைச் சேர்க்க வேண்டும் என்கிறோம்: ஆண்டுக்கொரு முறை பற்சுத்தம், சொத்தையடைப்பு, ரூட் கேனால், அதற்கும் மேல் போனால் கழற்றி மாட்டும் பல் செட். வங்கிகள் தம் கணக்குதாரர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் குழுத் திட்டங்களில் இதைத் தொடங்குவது எளிது. உறுப்பினர் எண்ணிக்கை பெரியது, எல்லா வயதினரும் உண்டு, நோயுற்றவர் மட்டும் சேர்வார்கள் என்ற அச்சம் அங்கே இல்லை. எங்கள் வங்கி உட்பட எல்லா வங்கிகளும் அடுத்த முறை இத்தகைய திட்டங்களைப் புதுப்பிக்கும்போது இதை மேசையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

விலைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்று உபகரணங்களுக்கும் மத்திய அரசு விலை வரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பல் திருகுகளுக்கு அவ்வாறான வரம்பு இல்லை. வரம்பு வந்தாலும் இதில் பெரிய பயன் விளையுமா என்பது ஐயமே. நோயாளி கொடுக்கும் தொகையில் திருகின் விலை ஒரு பகுதிதான். மருத்துவரின் திறமை, ஆய்வகக் கூலி, உறை ஆகியவை மீதியைப் பிடிக்கின்றன. ஒன்றை அமுக்கினால் மற்றொன்று எழும். எங்கள் பார்வையில், விலை வரம்பைவிடப் பாகம் பாகமாகப் பிரித்து எழுதிய ரசீதைக் கட்டாயமாக்குவதே மேல்.

மூத்த குடிமக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்களுக்குக் கவலை அதிகம் அங்கேதான். வாயில் ஓரிரு பல் இல்லாதவருக்கு ஓரிரு இம்ப்ளான்ட், கணக்கு எளிது. எல்லாப் பல்லும் போனவருக்கு அல்லது போகும் நிலையில் உள்ளவருக்கு, முழுவாய்ச் சிகிச்சை என்று சில இலட்ச ரூபாய் மதிப்பீடு தருகிறார்கள். மாத வட்டியில் மருந்து வாங்கும் தம்பதியர் அந்த வைப்பையே முறிக்க வரும்போது, படிவத்தை நீட்டக் கை தயங்குகிறது. முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி விகிதமும் குறையும், பல திட்டங்களில் அபராதமும் உண்டு. வைப்பின் மீதே கடன் வாங்கினால், வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடு மட்டும் கூடுதலாகக் கட்டி, முதலைத் தொடாமல் காரியம் முடிக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: முழுவாய்க்கும் நிலையான பல் தேவையா?

கீழ்த்தாடையில் சாதாரணப் பல் செட் நில்லாமல் ஆடுவது பெரும்பாலோரின் புகார். மேல் செட் அண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடி இல்லை, நாக்கு வேறு தள்ளும். இதற்கு ஒரு நடுவழி உண்டு. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் பொத்தான் போட்டது போல் பல் செட்டை மாட்டிக்கொள்வது. இரவில் கழற்றிக் கழுவலாம், பகலில் ஆடாது. 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுவே என்று கூட்டாக அறிவித்தார்கள். முழுவாய் நிலைப்பற்களோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகவும் குறைவு. இருபதாண்டுகளுக்கு மேலாகியும் எங்களிடம் வைப்பு முறிக்க வருவோரில் பலர் இப்படி ஒன்று இருப்பதாகவே கேள்விப்பட்டிருப்பதில்லை. பெரிய மதிப்பீட்டோடு வரும் ஒவ்வொருவரிடமும், இரண்டு திருகுப் பல் செட்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்டீர்களா என்று கேட்டு அனுப்புவதை வழக்கமாக்கியிருக்கிறோம். சிலர் திரும்பி வருவதில்லை. அது எங்களுக்கு நல்ல செய்தி.

நீரிழிவு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை மிகுதியாக வேண்டும். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. ஈறு நோயால் பல் இழப்பது அவர்களிடையே அதிகம். ஆகவே இம்ப்ளான்ட் நாடுவதும் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. கட்டுக்குள் இல்லாதபோது காயம் ஆறத் தாமதமாகும், திருகு ஒன்றாமற் போகும் வாய்ப்பு கூடும். புகைப்போருக்கும் அவ்வாறே. எலும்புத் தேய்வுக்குச் சில வகை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலேயே அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்காதீர்கள். கடன் வாங்குவோரின் வருமானத்தை விசாரிக்காமல் கடன் கொடுக்கும் நிறுவனத்தை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படியே அவரையும் பாருங்கள்.

வளரும் பிள்ளைகளுக்கும் இது ஆகாது. தாடை வளர்ச்சி முடியும்வரை, பொதுவாகப் பதினெட்டு வயதையொட்டி, காத்திருக்க வேண்டும். எலும்பு வளரும், திருகு வளராது. அதுவரை தற்காலிகப் பல்லே போதும்.

‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்பதன் பொருள் வேறு. ஆய்வுகளின்படி பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட திருகுகள் பத்தாண்டு தாண்டி நிற்கின்றன. இது மிக நல்ல விகிதம்தான். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் நிறுவனம் திருகுக்குத் தருவது. திருகு கெட்டால் புதுத் திருகு இலவசமாக வரும். அதைப் பதிக்கும் கட்டணமும், புது உறையும், இடையில் செய்யும் எலும்பு ஒட்டும் இலவசமில்லை. உறை தேயும், உடையும், சில வேளை கழலும். திருகைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சியுற்றுக் கரைவதும் உண்டு. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் துலக்காமல் விட்டால் சொந்தப் பல்லுக்கு நேர்ந்தது அதற்கும் நேரும். ஆண்டுதோறும் சோதனைக்கும் சுத்தத்துக்கும் ஒரு தொகை, பத்து பதினைந்து ஆண்டில் ஒரு புது உறைக்கு ஒரு தொகை என்று முதலிலேயே எண்ணி வைப்பதே ஒழுங்கான கணக்கு. வாகனம் வாங்கும்போது பெட்ரோலையும் டயரையும் கணக்கிடுவது போல.

பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1920இல் கொல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது தொடங்கியதே நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. இன்று அவர் பெயரிலேயே நடக்கிறது. சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு போன்ற நகரங்களிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. பல் செட், பிரிட்ஜ் முதலியவை அங்கே வெளியைவிட மிகக் குறைந்த செலவில் கிடைக்கும்; சில இடங்களில் இம்ப்ளான்ட்டும் செய்கிறார்கள். பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நடை அதிகம், காத்திருப்பு அதிகம். அவசரமில்லாத சிகிச்சைக்கு அது பெரிய குறையன்று. வெளியே பார்ப்பதாயினும், மருத்துவர் மாநிலப் பல் மருத்துவக் குழுவில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ரசீதை எறிந்துவிடாதீர்கள். மருத்துவக் காப்பீடு இல்லாத, 60 வயது நிறைந்த மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு, பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். பெற்றோருக்காகப் பிள்ளைகள் செலவிட்டாலும் கோரலாம். நிபந்தனை, பணம் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது. காசோலையோ, அட்டையோ, யுபிஐயோ எதுவாயினும் சரி. சிகிச்சை ஜனவரியில் தொடங்கி ஜூலையில் முடிந்தால், கட்டங்கட்டமாகச் செலுத்திய தொகை இரு நிதியாண்டுகளில் பிரிந்து, இரண்டிலும் கழிவு கோர வழியுண்டு. உங்கள் தணிக்கையாளரிடம் மார்ச் மாதத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.